கரண்டியில் கிளம்பும் வண்டி

ஸெர்போ வந்து உட்கார்ந்த நாளிலிருந்து தேநீர் கசக்கத் தொடங்கிவிட்டது என்று திபிலா கண்டுபிடித்தான். முதல் சுற்றுத் தேநீர் என்றைக்குமே கசக்கத்தான் செய்யும் என்பதை அவனிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

மேற்கு ஆப்பிரிக்க நகரமான வாகடூகுவின் தாபோயா பேட்டையில், லாமூஸாவின் பஞ்சர் கடையை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஞாயிறுதோறும் கூடுகிற கூட்டம் அது. பத்துப் பேர், இரண்டு பெஞ்சு, ஒரு கரியடுப்பு, மூக்கு நசுங்கிய நீலக் கெண்டி. ஒரே இலையை மூன்று முறை கொதிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டி, குட்டிக் கண்ணாடித் தம்ளர்களில் நுரை பொங்க ஆற்றித் தருவார் லாமூஸா. மூன்றாவது சுற்று முடிவதற்குள் எழுந்து போகிறவன் மனிதக் கணக்கில் வர மாட்டான். பத்துப் பேரின் வண்டிகளும் மரத்தைச் சுற்றி நிற்கும். வாகடூகுவில் நடந்து போகிறவனைக் கண்டால் மற்றவர்கள் வண்டியை நிறுத்தி, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள்.

அந்த மரத்தடிக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் என்றால், நகராட்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறுவார்கள். காருக்கு முன்னும் பின்னும் ஐம்பது அறுபது மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அலற ஊரைச் சுற்றும். எல்லாவற்றுக்கும் முன்னால் போவது தலைவண்டி. தலைவண்டி ஓட்ட ஆசைப்படுகிறவன், கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் தன் வண்டி வம்சத்தைச் சொல்ல வேண்டும். முதன்முதலில் வண்டியில் ஏறியது எப்படி, எதற்குப் பிறகு எது வந்தது, ஒவ்வொன்றும் எப்படிக் கையை விட்டுப் போனது, எல்லாம். மூன்றாவது சுற்று முடிந்ததும் மாப்பிள்ளை தீர்ப்பு சொல்வான்.

பதினோரு வருடங்களில் ஏழு கல்யாணம். ஏழிலும் தலைவண்டி திபிலாதான். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை முகம் சில சமயம் புழுதியில் மறைந்துபோகும்; தலைவண்டிக்காரன் முகம் மறையவே மறையாது. ஆகவே தாபோயாவில் ஏழு வீட்டுச் சுவர்களில் திபிலா கறுப்புக் கண்ணாடியோடு தொங்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுச் சுவரில் மட்டும் நகராட்சி கொடுத்த காலண்டர்.

இப்போது எட்டாவது கல்யாணம். மாப்பிள்ளை நூஃபு, ஒன்றாம் வகுப்பில் திபிலாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பல்பத்தைத் தின்றவன். முப்பத்தெட்டு வயதுவரை பெண்களை யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் துணிக்கடை அஸெட்டாவிடம் சிக்கினான். நகராட்சியில் பிறப்பு, இறப்பு, திருமணப் பிரிவில் எழுத்தராக இருக்கும் திபிலா, அவர்களுடைய திருமண அறிவிப்பைத் தன் கையாலேயே தட்டச்சு செய்து, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் பலகையில் ஒட்டினான். அவன் வாழ்க்கையில் பிழையில்லாமல் ஒட்டிய முதல் அறிவிப்பு அதுதான். அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி வாங்கினான். மற்ற ஏழு பேர் கல்யாணத்தில் முன்னால் போனது பெருமை. நூஃபுவின் கல்யாணத்தில் முன்னால் போகாவிட்டால், முந்தைய ஏழும் சும்மா ஒத்திகை.

அந்த நேரத்தில்தான் ஸெர்போ மாற்றலாகி வந்தான்.

ஸெர்போ சுகாதாரத் துறையில் தடுப்பூசி கொண்டுபோகிறவன். இருபது வருடங்களாக ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு தூகான் பக்கத்துக் காடுமேடெல்லாம் வண்டியில் அலைந்தவன். ஆள் ஒல்லி, சிரிப்பு அகலம். நூஃபுவுக்குப் பக்கத்து வீட்டில் குடிவந்து, இரண்டே மாதத்தில் அவனுக்குக் கோழி வறுக்கக் கற்றுக்கொடுத்து, மூன்றாவது மாதம் மரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் ஓட்டி வந்தது பளபளவென்று ஒரு டி.வி.எஸ். அப்பாச்சி. கடல் தாண்டி, எங்கோ ஓசூர் என்ற ஊரிலிருந்து வந்ததாம். திபிலா அந்த ஊரைப் பார்த்ததில்லை. பார்க்காமலேயே அந்த ஊர்மேல் அவனுக்கு வருத்தம் வந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை, ஸெர்போ ஸாமோ இனத்தவன், திபிலா மோஸி. மோஸிக்கும் ஸாமோவுக்கும் கேலிமுறை. ஒருவனை ஒருவன் அடிமை என்பான், திருடன் என்பான், செத்த வீட்டில்கூடக் கிண்டலடிப்பான். இவன் கேட்டதை அவன் மறுக்கக் கூடாது. யாரும் கோபப்படவே கூடாது. கோபப்பட்டவன் அந்த ஊரில் ஒரு வருடத்துக்குச் சிரிப்புப் பொருள். திபிலாவுக்கோ ஸெர்போவைப் பார்த்த கணத்திலிருந்து நிஜமான கோபம். அதை நாள்தோறும் சிரித்துக்கொண்டே வெளியிட வேண்டியிருந்ததில் அவனுக்குத் தாடை வலித்தது.

"என்னடா அடிமை, ராத்திரி கழுதைக்கறி தின்னியா? மூஞ்சி அப்படியே இருக்கு" என்பான் ஸெர்போ.

"நாய்த்தலை தின்னுறவன் பேசுறான் பாரு. ஒன்ன வித்த காசுலதான் எங்க தாத்தா தொப்பி வாங்குனாரு."

"அந்தத் தொப்பியவும் எங்க தாத்தாகிட்டதான் வாங்குனாரு."

மரத்தடி உருண்டு சிரிக்கும். திபிலாவும் பல்லைக் காட்டுவான். ஸெர்போ நிஜமாகவே கேலி செய்தான். திபிலா கேலி என்ற பெயரில் நிஜத்தைச் சொன்னான். இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு வந்தது. முதல் சுற்று ஆற்றும்போதே லாமூஸா கேட்டார்: "இந்தத் தடவை வம்சம் சொல்றது யாரு? எப்பவும்போல திபிலா மட்டும்தானே?"

"நானும் சொல்லலாமா?" என்றான் ஸெர்போ. "எனக்கும் ஆசையா இருக்கு."

நூஃபு தயங்காமல் சொன்னான்: "தாராளமா சொல்லுண்ணே."

அண்ணே! திபிலாவை நூஃபு முப்பத்திரண்டு வருடமாக 'டேய்' என்றுதான் கூப்பிட்டு வருகிறான்.

திபிலா முதலில் சொன்னான். அவன் கதை எல்லோருக்கும் மனப்பாடம். பதினெட்டு வயதில் பரீட்சை பாஸான பரிசாக, அபிஜானில் இருந்த மாமா ஒரு வண்டியை ரயிலில் ஏற்றி அனுப்பினார். ரயில் மூன்று நாள் தாமதம். மூன்று நாளும் திபிலா ஸ்டேஷனிலேயே படுத்துக் கிடந்தான். வந்து இறங்கியது சிவப்பு நிற எண்பது சி.சி. ஊரே அதை 'எண்பது' என்றது. எண்பதில் ஏறிய முதல் நாளே தான் மனிதனானதாக திபிலா சொல்வது வழக்கம். இரண்டு வருடம் ராஜா மாதிரி இருந்தான். பிறகு காயா சாலையில் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள். சண்டை போட்டான். முடியவில்லை. எண்பது போய்விட்டது.

அதற்குப் பிறகு அவன் வம்சத்தில் வந்தவை மாமனார் கழித்துப்போட்ட ஒரு சாம்பல் நிற மொபெட்டும், இப்போது ஓட்டுகிற ஒரு சீன வண்டியும். கொள்ளைக்காரர்கள் மட்டும் இல்லையென்றால் திபிலாவின் வண்டி வரலாறு ஒரு தபால் தலையின் பின்புறத்தில் அடங்கிவிடும். அது அவனுக்கும் தெரியும். அதனால் கொள்ளைக்காரர்களை நன்றாகக் கவனித்துக்கொண்டான். முதல் கல்யாணத்தின்போது ஒரே ஒருவன், கையில் தடி. மூன்றாவது கல்யாணத்தில் இரண்டு பேர், அரிவாள். போன தடவை நான்கு பேர், ஒரு துப்பாக்கி.

"அஞ்சு பேரு சுத்தி நின்னானுங்க" என்றான் திபிலா.

லாமூஸா கெண்டியை உயரத் தூக்கியபடியே கேட்டார்: "போன தடவ நாலு பேருன்னுல்ல சொன்ன?"

"ஒருத்தன் புதருக்குப் பின்னால நின்னான். இருட்டு. அப்ப சரியா தெரியல."

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்."

"யோசிக்க யோசிக்கத்தான தெரியும்!"

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அடுத்து ஸெர்போ. இரண்டாவது சுற்றுக்கு லாமூஸா சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்.

ஸெர்போவுக்கு ஒன்பது வண்டிகள். பதினாலு வயதில், தூகான் தேவாலயத்து வெள்ளைக்காரப் பாதிரியாரின் மொபெட்டைத் துடைத்து வைக்கும் வேலை அவனுக்கு. துடைத்துக்கொண்டே தள்ளினான், தள்ளிக்கொண்டே ஏறினான், மாதாகோவில் சுவரில் போய் நின்றான். பாதிரியார் அடிக்கவில்லை, எப்படி நிறுத்துவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். அது முதல் வண்டி. அது தன்னுடையது இல்லை, ஆனாலும் கணக்கில் சேர்க்கிறேன் என்றான். மரத்தடி ஒப்புக்கொண்டது. சொந்தமில்லாத வண்டியையும் சேர்க்கலாம் என்றால் திபிலாவுக்கும் நாலைந்து தேறியிருக்குமே!

"ரெண்டாவதுதான் நான் சொந்தமா வாங்குனது. வேலைக்குச் சேர்ந்த புதுசு. வாயிகூயா சந்தையில ஒரு துணி வியாபாரி நிறுத்தி வச்சிருந்தான். சிவப்பு எண்பது" என்றான் ஸெர்போ.

"நம்ம திபிலா வச்சிருந்த ஜாதி" என்றான் நூஃபு.

"ஆமா, அந்த ஜாதிதான். டாங்குல இடது பக்கம் ஒரு நசுங்கல் இருக்கும், பல்லி படுத்திருக்கிற மாதிரி. எவனோ கொண்டுபோய்ச் சுவத்துல மோதியிருக்கான். ஓட்டத் தெரியாதவன்."

திபிலா தன்னையறியாமல் இடது முழங்காலைத் தடவிக்கொண்டான். சோளக்கள் விற்கும் எலிஸி அம்மாள் வீட்டுச் சுவரில் அவன் விட்டுவிட்டு வந்த தோல் அந்த முழங்காலைச் சேர்ந்தது.

"அதவிட வேடிக்கை, சாவி கிடையாது. கரண்டிதான். எவனோ கரண்டியோட குழிய தட்டையாக்கி, அரத்தால ராவி, சாவி மாதிரி பண்ணி வச்சிருக்கான். அத உள்ள விட்டுத் திருப்புனா கிளம்பும். முட்டாப்பய, ஆனா கைவேலக்காரன்." ஸெர்போ சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். "இதோ. இன்னும் என்கிட்டதான் இருக்கு. வண்டியும் தூகான்ல எங்க வீட்டுலதான் நிக்குது. இத மட்டும் விக்க மனசு வரல."

கரண்டி கைமாறிக் கைமாறி வந்தது. காம்பின் நுனியில் மூன்று இதழ்ப் பூ ஒன்று. திபிலா அதை வாங்கி, பார்க்காமலேயே அடுத்தவனிடம் கொடுத்தான். பார்க்க வேண்டிய அவசியமில்லை. அந்த வகைக் கரண்டி அவன் அம்மாவிடம் ஆறு இருந்தது. இப்போது அவன் வீட்டில் ஐந்து இருக்கின்றன.

உண்மை என்னவென்றால், காயா சாலையில் கொள்ளைக்காரன் யாரும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டில் ஆப்பிரிக்கக் கோப்பை கால்பந்து வாகடூகுவில் நடந்தது. ஊரே பைத்தியமாகிக் கிடந்தது. இருபது வயது திபிலா எண்பதை ஒரு துணி வியாபாரியிடம் விற்று, கலர் டிவி ஒன்று வாங்கினான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் காங்கோவுக்கு எதிராக நான்குக்கு ஒன்று என்று முன்னால் இருந்த தன் நாட்டு அணி, கடைசி நிமிடங்களில் மூன்று கோல் வாங்கி, பெனால்டியில் தோற்பதை முழு வண்ணத்தில் பார்த்தான். வண்டியை விற்று இதைத்தான் வாங்கினேன் என்று ஒரு மனிதன் எப்படி வெளியே சொல்வான்? மறுநாள் காலை அவனுக்கு முதல் கொள்ளைக்காரன் பிறந்தான்.

இதுவரை திபிலாவுக்கு ஸெர்போமேல்தான் பொறாமை. இப்போது ஸெர்போ பேசப் பேச, அது வேறொரு இடத்துக்கு நகர்ந்தது.

"அந்த எண்பதுல நான் போகாத இடமில்ல. எல்லை தாண்டி நியாமே வரைக்கும் போயிருக்கேன், சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு. ஒரு மழைக்காலம் ஆத்துல வெள்ளம், அத படகுல ஏத்தி அக்கரையில இறக்கி, ஒரே மிதிதான். கிளம்பிருச்சு. அம்மை தடுப்பூசி நூத்திப் பன்னெண்டு கிராமத்துக்கு அதுலதான் போச்சு. ஒரு நாள்கூட வழியில நின்னதில்ல."

நின்றதில்லையாம்! திபிலாவிடம் இருந்த இரண்டு வருடத்தில் அது வாரத்துக்கு மூன்று முறை நின்றது. ஊர் எல்லைச் சுங்கச் சாவடியை அது ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. அவன் அப்போது ஆசைப்பட்ட ஸலமாத்தா வீட்டு வாசலில் மட்டும் நான்கு தடவை நின்று, நான்கு தடவையும் அவன் உதைத்து உதைத்து வியர்ப்பதை அவள் மாடியிலிருந்து பார்த்தாள். பிறகு ஒரு லாரி முதலாளியைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க ஓடெத் கதை தெரியுமா?" என்றான் ஸெர்போ. "வாயிகூயா ரோட்டுல பஸ் போயிருச்சுன்னு நின்னுட்டிருந்தா. டீச்சர். ஏறுங்கம்மான்னேன். நாப்பது கிலோமீட்டரு. இறங்குறப்ப சொன்னா, 'இந்த வண்டி சத்தம் எனக்குப் புடிச்சிருக்கு'ன்னு. இப்ப நாலு புள்ளைங்க."

திபிலா தம்ளரைக் கீழே வைத்தான். தன்னிடம் இருந்தபோது இருமலைத் தவிர வேறு சத்தமே போடாத வண்டி, இன்னொருவனிடம் போய்ப் பாடியிருக்கிறது! ஆற்றைக் கடந்திருக்கிறது, எல்லை தாண்டியிருக்கிறது, பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்து, நான்கு பிள்ளைகள்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. மூன்று நாள் ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தவன் யார்? எவனுக்குச் செய்ய வேண்டியதை எவனுக்குச் செய்தது அது?

ஸெர்போ மற்ற ஏழு வண்டிகளையும் சொல்லி முடித்தான். திபிலாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மூன்றாவது சுற்றுக்கு லாமூஸா புதினா கிள்ளிப் போட்டார். நூஃபு தொண்டையைச் செருமினான். அவன் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பெஞ்சுக்குக்கூடத் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐந்து கொள்ளைக்காரர்கள் மிஞ்சுவார்கள், தலைவண்டி போய்விடும். வாயைத் திறந்தால் எண்பதின் பெருமை திரும்பி வரும், கொள்ளைக்காரர்கள் போய்விடுவார்கள். திபிலா இரண்டையும் நிறுத்துப் பார்க்கவில்லை. நிறுக்கிற நிலையில் அவன் இல்லை.

"அது என் வண்டி!" என்று கத்தினான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த எண்பது என்னோடது. அபிஜான் மாமா அனுப்புனது அதுதான். அந்தக் கரண்டி எங்கம்மாவோடது. அந்த நசுங்கல் எலிஸி அம்மா வீட்டுச் சுவத்துல நான் மோதுனது. அதுல நீ செஞ்சதெல்லாம் என் வண்டி செஞ்சது!"

"ஏம்ப்பா" என்றார் லாமூஸா நிதானமாக, "ஒன் வண்டியத்தான் அஞ்சு பேரு தூக்கிட்டுப் போயிட்டானுங்களே?"

"ஒருத்தனும் தூக்கல! கொள்ளைக்காரனே கிடையாது. நான்தான் வித்தேன். டிவி வாங்க வித்தேன். காங்கோ மேட்ச் பாக்க வித்தேன்!"

வேப்பம்பழம் ஒன்று கெண்டி மூடியில் விழுந்தது. அப்புறம் லாமூஸாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. நூஃபு பெஞ்சிலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்தான். ஒருவன் தம்ளரைக் கொட்டிவிட்டான். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு.

"காங்கோ மேட்ச்சுக்காக!" நூஃபு கண்ணைத் துடைத்தான். "டேய், பதினோரு வருஷத்துல நீ அடிச்ச கேலியிலேயே இதுதாண்டா உச்சம்!"

"கேலி இல்லடா! நிஜம்!"

"அந்த 'நிஜம்'னு சொன்ன பாரு, அந்த மூஞ்சி..." அதற்குமேல் நூஃபுவால் பேச முடியவில்லை.

ஒரு மோஸி ஒரு ஸாமோவைப் பார்த்து உன் குதிரை என்னுடையது, உன் தொப்பி என்னுடையது, உன் தாத்தாவே என்னுடையவர் என்று சொல்வது அங்கே தினசரி நடப்பது. இதுவரை யாரும் அதை எழுந்து நின்று, உதடு துடிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சொன்னதில்லை. அவ்வளவுதான். மேலும், காங்கோ மேட்ச்சுக்காக வண்டியை விற்ற அவமானத்தை உண்மையிலேயே செய்தவன் ஒப்புக்கொள்வானா என்ன?

திபிலா தன் சீன வண்டியை உதைத்துக் கிளப்பினான். மூன்றாவது சுற்று முடியாமல் எழுந்து போன முதல் மனிதன் அவன்தான். வீட்டில் அவன் மனைவி போகோ கம்பங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் சமையலறைக்குள் புகுந்து கரண்டிகளை அள்ளினான்.

"விருந்தாளியா வந்திருக்காங்க?"

"இல்ல. சாட்சி."

"அஞ்சையும் திருப்பிக் கொண்டாந்துருங்க. ஏற்கனவே ஒண்ணக் காணோம்னு ஒங்கம்மா சாகுறவரைக்கும் என்னத்தான் சொன்னாங்க."

திரும்பி வந்து பெஞ்சின்மேல் ஐந்து கரண்டிகளையும் வரிசையாக வைத்தான். மரத்தடி எழுந்து நின்று கைதட்டியது.

"கேலிக்குச் சாமான்செட்டெல்லாம் கொண்டாந்திருக்கான்!" என்றார் லாமூஸா. "எந்தக் கடையிலடா புடிச்ச, அதே டிசைன்ல?"

ஸெர்போவும் சிரித்துக்கொண்டேதான் தன் கரண்டியைக் கழற்றி ஆறாவதாகப் பக்கத்தில் வைத்தான். ஆறு பூக்கள். ஒவ்வொரு பூவிலும் மூன்றாவது இதழ் ஒரே மாதிரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. வார்த்த அச்சிலேயே நேர்ந்த குறை. ஸெர்போவின் அகலச் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. கரண்டியைப் பார்த்தான். கதையின் நடுவே திபிலா தடவிக்கொண்ட இடது முழங்காலைப் பார்த்தான். பிறகு திபிலாவின் கண்ணைப் பார்த்தான்.

இரண்டு நொடி இருக்கும். அந்த மரத்தடியில் உண்மை தெரிந்தவர்கள் இருவரானார்கள்.

"பாத்தீங்களாய்யா!" என்று ஸெர்போ குரலை உயர்த்தினான். "எங்க வீட்டு வண்டிச் சாவிய மாதிரி வச்சு, இவனுங்க வீட்டுல களி தின்னக் கரண்டி செய்யுறானுங்க!"

மறுபடி சிரிப்பு. அது ஓய்ந்ததும் நூஃபு தீர்ப்பு சொன்னான்: "கேலிக்குத் திபிலா. தலைவண்டிக்கு ஸெர்போ அண்ணன்."

திபிலா கரண்டிகளைப் பொறுக்கத் தொடங்கினான். ஐந்து. ஆறாவது ஸெர்போவின் கையில் இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றான் ஸெர்போ. "தலைவண்டியா என் எண்பதுதான் வரும். தூகான்லேருந்து பஸ்சு மேல போட்டுக் கொண்டாறேன். ஆனா ஸாமோப் பிரபு கல்யாணத்தன்னைக்கு வண்டி ஓட்ட மாட்டாரு. பின்னால உக்காந்துதான் வருவாரு. என் அடிமை ஓட்டட்டும்." திபிலாவைக் காட்டினான். "முறைப்படி கேக்குறேன். மாட்டேன்னு சொல்லுவியா?"

கேலிமுறையில் கேட்டதை மறுக்க முடியாது. இது கொடையா, அவமானமா என்று திபிலாவுக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தான். கொடை என்று நினைத்தபோது அதிகம் வலித்தது.

சனிக்கிழமை காலை நகராட்சி வாசலில் எண்பது நின்றது. பதினெட்டு வருடம் கழித்துப் பார்க்கிறான். சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. பல்லி அங்கேயே படுத்திருந்தது. இருக்கைக்குப் புது உறை, கைப்பிடியில் யாரோ பின்னிய நூல்குஞ்சம். ஓடெத் பின்னியதாக இருக்கும். நன்றாக வைத்திருக்கிறான், பாவி.

திபிலா வெள்ளைக் கையுறை மாட்டினான், கறுப்புக் கண்ணாடி அணிந்தான். ஸெர்போ நீட்டிய கரண்டியை உள்ளே விட்டுத் திருப்பினான். ஒரே மிதி. கிளம்பியது. அவன் கிளப்பி அது ஒரே மிதியில் கிளம்புவது இதுதான் முதல் தடவை.

பின்னால் அறுபது வண்டிகள், ஒரு வெள்ளைக் கார், காருக்குள் நூஃபுவும் அஸெட்டாவும். ஹாரன் அலறியது. கடைக்காரர்கள் வெளியே வந்து கைகாட்டினார்கள். திபிலா முன்னால் போனான், எல்லோருக்கும் முன்னால், தன் எண்பதில். சந்தை தாண்டியது. சினிமாக்காரர்கள் நினைவாகக் கட்டிய ரவுண்டானாவுக்குள் ஊர்வலம் நுழைந்தது. போட்டோக்காரன் திண்டின்மேல் ஏறி நின்று காத்திருந்தான்.

அங்கே, சரியாக அங்கே, எண்பது ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது.

திபிலா உதைத்தான். இருமல். மறுபடி உதைத்தான். இருமல்கூட இல்லை. பதினெட்டு வருடமாகியும் அது அவனை மறக்கவில்லை. பின்னால் அறுபது ஹாரன்கள் ஒன்றாகக் கேட்டன. கார் ஜன்னலிலிருந்து அஸெட்டா முக்காட்டோடு தலையை நீட்டினாள்.

"அண்ணே, நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?"

"நீ உள்ள இரும்மா! இதோ!"

வெள்ளைக் கையுறைக்குள் விரல்கள் வழுக்கின. முதுகுக்குப் பின்னாலிருந்து ஸெர்போவின் கை நீண்டது. டாங்கின் இடது பக்கம், பல்லியின்மேல், உள்ளங்கையால் மெதுவாக மூன்று தட்டு தட்டினான். குனிந்து ஸாமோ மொழியில் ஏதோ நாலு வார்த்தை சொன்னான், குழந்தையிடம் சொல்வது மாதிரி.

"இப்ப மிதி."

மிதித்தான். பாடிக்கொண்டு கிளம்பியது.

"என்ன சொன்ன அதுகிட்ட?" திபிலா திரும்பிப் பார்த்துக் கேட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோக்காரன் அமுக்கினான்.

"அது எங்களுக்குள்ள" என்றான் ஸெர்போ.

அந்தப் போட்டோ இப்போது நூஃபு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வெள்ளைக் கார் தெளிவாகத் தெரிகிறது. ஸெர்போவின் அகலச் சிரிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தலைவண்டிக்காரன் மட்டும் பாதையைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பி, பின்னால் இருப்பவனை விழுங்கிவிடுகிற மாதிரி பார்க்கிறான். வருகிறவர்கள் காரணம் கேட்டால் அஸெட்டா விளக்குகிறாள்: "பாவம், அவருக்கும் இதே மாதிரி வண்டி ஒண்ணு இருந்துச்சாம். காயா ரோட்டுல அஞ்சு பேரு புடுங்கிட்டுப் போயிட்டாங்களாம். அந்த ஞாபகம்."

அடுத்த ஞாயிறு மரத்தடியில் முதல் சுற்று ஆற்றிக்கொண்டே லாமூஸா கேட்டார்: "ஏண்டா திபிலா, ஒரு சந்தேகம். அந்தக் கொள்ளைக்காரனுங்க மொத்தம் எத்தனை பேருடா?"

திபிலா ஸெர்போவைப் பார்த்தான்.

"ஆறு பேரு" என்றான். "ஆறாவது ஆளு தூகான்காரன். ஒல்லி. வாய் மட்டும் அகலம்."

சிரிப்பு எழுந்தது. ஸெர்போ தன் தம்ளரை உயர்த்திக் காட்டி, ஒரே மடக்கில் குடித்தான்.

"ஆமாய்யா, நான்தான். திருப்பிக் குடுக்க மாட்டேன்."

திபிலாவும் குடித்தான். கசந்தது. ஸெர்போவின் அப்பாச்சிக்குப் பக்கத்தில் நின்ற தன் சீன வண்டியை ஓரக்கண்ணால் பார்த்தான். யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து, அதன் டாங்கில் மெதுவாக மூன்று தட்டு தட்டினான்.